என்எம்சியிலிருந்து கடிதம் வந்தால்: பிரிட்டனில் வேலை பார்க்கும் நம் நர்ஸ்களுக்கு

ஊரில் வார்டில் ஏதாவது தவறு நடந்தால் நர்சிங் சூப்பிரண்ட் அறைக்குக் கூப்பிடுவார். தலையைக் குனிந்துகொண்டு "சாரி மேடம், இனிமே நடக்காது" என்போம். தவறு யாருடையது என்பதெல்லாம் அப்போது கணக்கில் வராது. மேடம் கோபம் ஆறினால் போதும், பெரும்பாலும் விஷயம் அங்கேயே முடிந்துவிடும். பிரிட்டனில் அதே வரியை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், இரண்டு வருடம் கழித்து என்எம்சி என்னும் செவிலியர் கவுன்சிலின் மூன்று பேர் கொண்ட ஒரு குழுவின் மேசைக்கு அந்தத் தாள் வந்து சேரலாம். "நீங்களே ஒப்புக்கொண்டிருக்கிறீர்களே" என்று அப்போது கேட்பார்கள்.

நான் வக்கீல் இல்லை. வார்டு வேலைக்கு நடுவே சங்கப் பிரதிநிதியாக, விசாரணையில் மாட்டிய சக நர்ஸ்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அவர்களில் பலரைச் சிக்கலில் தள்ளியது முதல் தவறு அல்ல, அதற்குப் பிறகு அவசரத்தில் எழுதிக் கொடுத்ததும் பயத்தில் மறைத்ததும்தான். ஆஸ்கி என்ற செய்முறைத் தேர்வை முடித்து, 'பின் நம்பர்' எனும் என்எம்சி பதிவு எண்ணை வாங்கிப் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் எதிரே இருப்பது யார் என்று தெரிந்துகொள்வோம். என்எம்சி என்பது செவிலியருக்கும் பேறுகாலப் பணியாளருக்குமான கவுன்சில். 2002இல் வந்தது. பதிவேட்டில் 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மருத்துவமனை வேறு, என்எம்சி வேறு. மருத்துவமனை உங்கள் வேலையைப் பறிக்கலாம், பின் நம்பரைத் தொட முடியாது. என்எம்சி பின் நம்பரை எடுத்துவிடலாம், ஆனால் அது உங்கள் முதலாளி இல்லை. ஒரே சம்பவத்துக்கு இரண்டு இடத்திலும் விசாரணை நடக்கலாம். மருத்துவமனை "நடவடிக்கை இல்லை" என்று முடித்த பிறகும் என்எம்சி தொடரலாம். இங்கே நிறையப் பேர் ஏமாந்து போகிறார்கள்.

நோயாளி, அவர் குடும்பம், முதலாளி, போலீஸ், சக ஊழியர் என்று யார் வேண்டுமானாலும் என்எம்சிக்குப் புகார் எழுதலாம். நடத்தைக் குறை, திறமைக் குறை, குற்ற வழக்கில் தண்டனை அல்லது போலீஸ் காஷன் (கோர்ட்டுக்குப் போகாமல் போலீஸே தரும் முறையான எச்சரிக்கை), உடல்நலம், போதிய ஆங்கிலம் இல்லாமை, வேறொரு கவுன்சிலின் முடிவு ஆகியவை அவர்கள் கையில் எடுக்கக்கூடிய காரணங்கள். பதிவேட்டில் இருப்பவர்களில் வருடத்துக்கு நூற்றில் ஒருவருக்கும் குறைவானவர்கள் மீதுதான் புகார் வருகிறது. வந்தவற்றிலும் பாதிக்கு மேல் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும். அதனால் கடிதத்தைப் பார்த்ததும் ஊருக்கு டிக்கெட் தேட வேண்டாம்.

அவர்கள் கேட்கும் கேள்வி நாம் பழகியது போன்றது அல்ல. நடந்த தவறுக்கு என்ன தண்டனை தரலாம் என்று பார்ப்பதைவிட, இந்த நர்ஸ் இன்றைக்கு அன்போடும் பாதுகாப்பாகவும் தொழில் நெறியோடும் வேலை பார்க்கக்கூடியவரா என்றுதான் பார்ப்பார்கள். உங்கள் தற்காப்பு முழுவதும் இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் அமைய வேண்டும்.

கடிதம் வருவதற்கு முன்பே

இன்றே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சங்கத்தில் சேருங்கள். ராயல் காலேஜ் ஆஃப் நர்சிங், யூனிசன், எதுவானாலும் சரி. மாதாமாதம் கொஞ்சம் பவுண்டு போகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள். "என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவையில்தானே இருக்கிறோம், காப்பீடு இருக்குமே" என்று பலர் நினைக்கிறார்கள். அந்தக் காப்பு நோயாளி நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் உதவும். என்எம்சி விசாரணையில் உங்கள் பக்கம் பேச மருத்துவமனை வக்கீல் வைத்துத் தராது. அரசு இலவசச் சட்ட உதவியும் இதற்குக் கிடைக்காது. இன்னொன்று, நீங்கள் சேர்வதற்கு முன்னால் நடந்த சம்பவத்துக்குச் சங்கங்கள் பொதுவாக வக்கீல் தருவதில்லை. தீப்பிடித்த பிறகு கிணறு வெட்ட முடியாது என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்.

அடுத்தது வார்டில் சம்பவம் நடந்த அன்று எழுதும் ஸ்டேட்மென்ட். மேனேஜர் "ஷிஃப்ட் முடிவதற்குள் நாலு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போ" என்பார். மறுக்க வேண்டியதில்லை. நோயாளியின் குறிப்பேட்டைப் பார்த்து எழுத வேண்டும், சங்கத்திடம் ஒருமுறை காட்ட வேண்டும், அதற்கு இத்தனை நாள் வேண்டும் என்று பணிவாகக் கேட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். பெரும்பாலும் தருவார்கள். ஒழுங்கு நடவடிக்கை விசாரணைக்குச் சங்கப் பிரதிநிதியையோ சக ஊழியரையோ கூட்டிக்கொண்டு போவது உங்கள் சட்ட உரிமை. அதற்கு முந்தைய தகவல் திரட்டும் கூட்டத்துக்கு அந்தச் சட்ட உரிமை இல்லாவிட்டாலும் நிறைய மருத்துவமனைகளின் விதிமுறை அனுமதிக்கிறது. கேட்டுப் பாருங்கள், கேட்பதில் தப்பில்லை.

எப்படி எழுதுவது? ஒருவர் இப்படி எழுதினார் என்று வைத்துக்கொள்வோம்: "நான் இன்சுலின் போட மறந்துவிட்டேன். எல்லாம் என் தவறு. மன்னிக்கவும், இனி நடக்காது." இன்னொருவர் இப்படி: "இரவு 10 மணிக்குப் போட வேண்டிய இன்சுலின் போடப்படவில்லை. சார்ட்டில் கையெழுத்து இல்லாததைக் காலை 6:20க்குக் கவனித்தேன். உடனே சர்க்கரை அளவு பார்த்தேன், பணியிலிருந்த டாக்டரை அழைத்தேன், நோயாளியிடம் நடந்ததைச் சொல்லி வருத்தம் தெரிவித்தேன், டேட்டிக்ஸில் (சம்பவங்களைப் பதியும் கணினி அமைப்பில்) பதிந்தேன். அந்த இரவு என் பொறுப்பில் 11 நோயாளிகள்." இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரண்டாமவர் எழுதியதில் நேரம் இருக்கிறது, செய்த வேலை இருக்கிறது, சூழ்நிலை இருக்கிறது. முதலாமவர் எழுதியதில் மரியாதை மட்டும்தான் இருக்கிறது. நினைவில்லாததை நினைவில்லை என்று எழுதுங்கள். "ஒருவேளை மறந்திருக்கலாம்" என்று ஊகித்து நிரப்ப வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு நோயாளியிடம் மன்னிப்பே கேட்கக் கூடாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தவறு நடந்தால் நோயாளியிடம் வெளிப்படையாகச் சொல்லி வருத்தம் தெரிவிப்பது என்எம்சி நெறிமுறையே சொல்லும் கடமை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்டதை மட்டுமே வைத்து அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்கிறது. நான் எச்சரிப்பது மேலதிகாரியைச் சமாதானப்படுத்த மொத்தப் பழியையும் இழுத்துத் தலையில் போட்டுக்கொள்ளும் நம் பழக்கத்தைப் பற்றித்தான்.

பதிவேட்டைத் திருத்தாதீர்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது. விட்டுப்போனதை எழுத வேண்டுமென்றால் "தாமதப் பதிவு" என்று குறித்து, எழுதும் தேதி, நேரத்தோடு எழுதுங்கள். கணினிப் பதிவில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற தடம் நிற்கும். மருந்து விட்டுப்போனது சரிசெய்யக்கூடிய தவறு. அதை மறைக்கக் கையெழுத்துப் போட்டால் நேர்மையின்மை ஆகிவிடும், அதைச் சரிசெய்து காட்டுவது மிகக் கடினம். பார்க்காத பிபியைப் பார்த்ததாக எழுதுவது, இரண்டாவது நர்ஸ் வராமலே கட்டுப்பாட்டு மருந்துப் பதிவேட்டில் இரண்டு கையெழுத்தும் வாங்கி வைப்பது, ஒரு மருத்துவமனையில் சிக் லீவ் போட்டுவிட்டு வேறிடத்தில் ஏஜென்சி ஷிஃப்ட் பார்ப்பது எல்லாம் இந்த வகைதான். கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைத்துச் செய்கிறவர்கள் உண்டு. ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டும், புரிகிறது. ஆனால் அது மோசடி என்றே பார்க்கப்படும்.

கடிதம் வந்த வாரம்

கடிதமோ மின்னஞ்சலோ வந்ததும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். சங்கத்துக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள். பதில் அதற்குப் பிறகுதான்.

இப்போதைய முதலாளிகள் யார் என்ற விவரத்தை என்எம்சி கேட்கும். அதைத் தருவது கட்டாயம். ஏஜென்சி ஷிஃப்ட், பேங்க் ஷிஃப்ட் (மருத்துவமனை தேவைப்படும்போது கூப்பிட்டுத் தரும் கூடுதல் ஷிஃப்ட்) உட்பட எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஒன்றை விட்டுவிட்டு அது பின்னால் தெரியவந்தால் புதிதாக ஒரு குற்றச்சாட்டு முளைக்கும். ஆனால் புகாரின் உள்ளடக்கத்துக்கு விரிவான பதிலை அதே வாரம் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "கடிதம் கிடைத்தது, சட்ட ஆலோசனை பெறுகிறேன், குறித்த தேதிக்குள் பதில் தருவேன்" என்பதே அப்போதைக்குப் போதும். முழுக்க மௌனமாக இருப்பதும் கூடாது. விசாரணைக்கு ஒத்துழைப்பது நெறிமுறையில் உள்ள கடமை, கடிதங்களைத் திறக்காமல் டிராயரில் போட்டு வைத்தவர்கள் இல்லாமலேயே விசாரணை நடந்து முடிந்திருக்கிறது.

சங்கம் இல்லையென்றால் வக்கீல் தேட வேண்டும். இங்கே ஒரு எச்சரிக்கை. வீடு வாங்கும்போது பத்திரம் பார்த்த நம்ம ஊர் சொலிசிட்டர் நல்லவர்தான், ஆனால் இது அவர் துறை இல்லை. தொழில் ஒழுங்குமுறை வழக்குகளைப் பார்ப்பவர் வேண்டும். "என்எம்சி வழக்கு எத்தனை பார்த்திருக்கிறீர்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் நிலையான கட்டணம் என்ன" என்று முதல் பேச்சிலேயே கேளுங்கள். சொலிசிட்டர் பெயர் அவர்களை ஒழுங்குபடுத்தும் ஆணையத்தின் பதிவேட்டில் இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்த்துவிடலாம். பொதுமக்கள் நேரடியாக அமர்த்திக்கொள்ளும் அனுமதி பெற்ற பாரிஸ்டர்களும் (கோர்ட்டில் வாதாடும் வக்கீல்கள்) இருக்கிறார்கள். சில நேரம் அது மலிவு. ஜெயித்தாலும் செலவை என்எம்சி திருப்பித் தராது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆதாரம். அந்த வாரத்து ரோட்டா (ஷிஃப்ட் பட்டியல்), ஆள் பற்றாக்குறை பற்றி நீங்கள் முன்பே அனுப்பிய மின்னஞ்சல்கள், பயிற்சிப் பதிவுகள், அப்ரைசல், இதையெல்லாம் சேருங்கள். நோயாளியின் குறிப்பேட்டைப் போன் கேமராவில் படமெடுத்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள், அது ரகசிய மீறல். உங்களைப் பற்றி மருத்துவமனை வைத்திருக்கும் தகவல்களைத் தரும்படி தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் கேட்கலாம். சாதாரணமாக ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். சூழ்நிலையையும் பார்ப்போம் என்று என்எம்சி சொல்லியிருக்கிறது. எத்தனை நோயாளிகள், எத்தனை நர்ஸ்கள், ஹேண்ட்ஓவரில் என்ன சொல்லப்பட்டது என்பதையெல்லாம் நீங்கள் எடுத்து வைத்தால்தான் அவர்கள் பார்க்க முடியும்.

வார்டு வாட்ஸ்அப் குழுவில் ஒரு வார்த்தையும் வேண்டாம். சாட்சி சொல்லக்கூடியவரிடம் "நீ என்ன சொல்லப் போற" என்று கேட்பதும் வேண்டாம்.

இடைக்கால உத்தரவும் வீசாவும்

கடுமையான புகார் என்றால் உண்மை எது என்று தீர்மானிக்கும் முன்பே இடைக்கால உத்தரவுக்கான விசாரணை வரலாம். முன்னறிவிப்பு சில நாள்தான் இருக்கும். பொதுமக்கள் பாதுகாப்புக்கோ பொதுநலனுக்கோ உங்கள் நலனுக்கோ இது தேவையா என்று மட்டும் பார்ப்பார்கள். "நான் செய்யவில்லை" என்று வாதாடும் இடம் இதுவல்ல. "இந்த நிபந்தனைகளோடு நான் வேலை பார்த்தால் யாருக்கும் ஆபத்து இல்லை, மேற்பார்வைக்கு என் மேனேஜர் சம்மதித்து எழுதிய கடிதம் இதோ" என்று காட்டும் இடம். நிபந்தனை, அல்லது தற்காலிக நீக்கம், எதுவானாலும் 18 மாதம் வரை போடலாம். 6 மாதத்துக்குள் மறுபரிசீலனை உண்டு. 18 மாதத்தைத் தாண்டி நீட்டிக்க நீதிமன்றத்திடம் போக வேண்டும்.

முதலாளி பொறுப்பேற்றுத் தரும் ஸ்பான்சர் வீசாவில் இருப்பவர்களுக்கு இங்கேதான் பெரிய இடி. தற்காலிக நீக்கம் என்றால் நர்ஸாக வேலை பார்க்க முடியாது. சிலருக்கு அந்தக் காலத்துக்குச் சம்பளமும் நின்றுவிடும். ஸ்பான்சர் விதிகளின்படி, நோய், மகப்பேறு போன்ற விலக்குகள் தவிர, ஓர் ஆண்டில் மொத்தம் 4 வாரத்துக்கு மேல் சம்பளமில்லாமல் இருந்தால் முதலாளி ஸ்பான்சரை நிறுத்த வேண்டி வரும். நிறுத்தியதாக உள்துறைக்குத் தெரிவித்தால் வீசாவைச் சுருக்கி வழக்கமாக 60 நாள் தருவார்கள். "ஹெல்த்கேர் அசிஸ்டென்ட்டாக வேலை கொடுங்கள்" என்று கேட்கலாம், ஆனால் ஸ்பான்சர் செய்தது நர்ஸ் வேலைக்கு, அதனால் முதலாளி நினைத்தபடி மாற்றித் தர முடியாது. ஆகவே என்எம்சி வக்கீலோடு குடிவரவு வக்கீலையும் அதே வாரம் பாருங்கள். குடிவரவு ஆலோசனை சொல்ல உரிமம் வேண்டும். உங்களை இந்த நாட்டுக்கு அனுப்பிவைத்த ஏஜென்ட் அண்ணன் சொல்வது ஆலோசனை ஆகாது.

போலீஸ் விஷயம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏதாவது வழக்கில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அங்கே இலவச வக்கீல் உண்டு, தயங்காமல் கேளுங்கள். "காஷன் ஏற்றுக்கொண்டால் வீட்டுக்குப் போகலாம்" என்று சொன்னால் உடனே தலையாட்டாதீர்கள். காஷனை ஏற்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. அதை என்எம்சிக்கும் முதலாளிக்கும் நீங்களே தெரிவிக்க வேண்டிய கடமையும் கூடவே வரும்.

28 நாள் பதில்

விசாரணை முடிந்ததும் ஆவணங்கள் எல்லாம் ஒரு கட்டாக வரும். பதில் எழுத 28 நாள். பிறகு வழக்கை மேலே அனுப்பலாமா என்று முடிவு செய்யும் என்எம்சியின் இரண்டு கேஸ் எக்ஸாமினர்கள் பார்ப்பார்கள், ஒருவர் நம் துறையைச் சேர்ந்தவர், மற்றவர் வெளியாள். வழக்கே இல்லை என்று அவர்கள் மூடலாம். அறிவுரையோ எச்சரிக்கையோ தரலாம், உங்களிடம் உறுதிமொழிகள் கேட்கலாம், குழு விசாரணைக்கு அனுப்பலாம். வழக்கைக் குழு வரை போகவிடாமல் நிறுத்த இதைவிட நல்ல வாய்ப்பு கிடையாது. நல்ல பதில் இங்கேயே நிறைய வழக்குகளை முடித்துவிடும்.

பதிலின் உயிர் ரிஃப்ளெக்ஷன், அதாவது நடந்ததைத் திரும்பிப் பார்த்து எழுதுவது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை ரீவேலிடேஷனுக்கு (பதிவைப் புதுப்பிக்க) ஐந்து எழுதுகிறோமே, அதே வகைதான். ஆனால் இணையத்தில் கிடைத்த மாதிரியைப் பெயர் மாற்றி அனுப்பினால் படிப்பவருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். என்ன நடந்தது, நோயாளிக்கு அது எப்படி இருந்திருக்கும், ஏன் நடந்தது, அதே சூழ்நிலை நாளை வந்தால் சரியாக என்ன செய்வீர்கள், அதற்குப் பிறகு எங்கே அப்படிச் செய்து காட்டினீர்கள் என்று எழுத வேண்டும். நிறையப் பேர் தங்கள் குடும்பக் கஷ்டத்தை இரண்டு பக்கம் எழுதிவிட்டு நோயாளியை ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைத் திருப்பிப் போடுங்கள்.

தவறு சரிசெய்யக்கூடியதா, சரிசெய்யப்பட்டுவிட்டதா, மறுபடி நடக்க வாய்ப்பு மிகக் குறைவா என்று அவர்கள் பார்க்கும் மூன்று கேள்விகளும் 2008இல் ஒரு மருத்துவர் வழக்கில் லண்டன் உயர் நீதிமன்றம் சொன்ன வழியில் வருபவை. ஒரு மணி நேர ஆன்லைன் பயிற்சிச் சான்றிதழைவிட, மேற்பார்வையில் மருந்து கொடுத்துத் தேறிய மதிப்பீட்டுத் தாளுக்கு மதிப்பு அதிகம். நற்சான்றுக் கடிதம் வாங்கினால், தருபவருக்குக் குற்றச்சாட்டு என்னவென்று தெரிந்திருக்க வேண்டும், தெரியும் என்று அவர் கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். சர்ச் பாதிரியாரோ கோயில் கமிட்டித் தலைவரோ "நல்ல பிள்ளை" என்று எழுதித் தருவதைவிட வார்டு மேனேஜர் எழுதும் நாலு வரி உதவும்.

செய்யவே இல்லை என்றால்? மறுக்கலாம். மறுப்பது உங்கள் உரிமை, அதனாலேயே தவறைப் பற்றிய புரிதல் உங்களுக்கு இல்லை என்று ஆகிவிடாது. "நான் இதைச் செய்யவில்லை. ஆனால் இப்படி நடந்தால் நோயாளிக்கு என்ன ஆகும், நர்ஸ் மீதுள்ள நம்பிக்கைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்" என்று இரண்டையும் சேர்த்து எழுத முடியும்.

"பதிவிலிருந்து நானே விலகிக்கொள்கிறேன்" என்று கேட்கும் வழியும் இருக்கிறது. களைத்துப்போன இரவில் அது சுலபமாகத் தெரியும். ஓய்வு பெறும் வயதில் இருப்பவருக்குச் சரி. முப்பது வயதில் ஆஸ்திரேலியாவோ அயர்லாந்தோ போகலாம் என்று நினைப்பவருக்கு, பின்னால் வரும் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் இது எழுந்து நிற்கும். கவுன்சில்கள் ஒன்றுக்கொன்று தகவல் பகிர்கின்றன. வக்கீலிடம் பேசாமல் அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். விசாரணை நடக்கும்போதும் வருடக் கட்டணத்தையும் ரீவேலிடேஷனையும் விட்டுவிடக் கூடாது.

குழு முன்னால்

விசாரணைக் குழுவில் மூன்று பேர். சட்ட விஷயங்களைச் சொல்லத் தனியாக ஒரு சட்ட ஆலோசகர் இருப்பார், அவர் உங்கள் வக்கீலும் இல்லை, என்எம்சியின் வக்கீலும் இல்லை. பல விசாரணைகள் இப்போது வீடியோவில் நடக்கின்றன. முதலில் சம்பவம் நடந்ததா, பிறகு அதனால் உங்கள் தகுதி இன்று குறைந்திருக்கிறதா, கடைசியில் என்ன உத்தரவு என்று படிப்படியாகப் போகும். கிரிமினல் கோர்ட் போலச் சந்தேகத்துக்கு இடமில்லாத நிரூபணம் தேவையில்லை. நடந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்று தோன்றினாலே போதும்.

கேள்வி புரியவில்லை என்றால் "திரும்பக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். நாம் புரியாமலே தலையை ஆட்டுவோம், "எஸ்" என்போம். ஆமாம் என்பதற்கும் இல்லை என்பதற்கும் நடுவில் ஆடும் நம் தலையாட்டல் அங்கே எழுத்தில் "ஆம்" என்று பதிவாகிவிடும்.

முடிவு பல வகை. நடவடிக்கை இல்லை என்று விடலாம். ஒன்று முதல் ஐந்து வருடம் வரை எச்சரிக்கை உத்தரவு, மூன்று வருடம் வரை நிபந்தனைகள், 12 மாதம் வரை தற்காலிக நீக்கம், இல்லையென்றால் பதிவேட்டிலிருந்து பெயரையே அடித்துவிடுவது. அடித்துவிட்டால் ஐந்து வருடம் கழித்துத்தான் திரும்பச் சேர விண்ணப்பிக்க முடியும். நிபந்தனை அல்லது தற்காலிக நீக்கம் என்றால் வழக்கமாகக் காலம் முடிவதற்கு முன் மறுபரிசீலனை நடக்கும். அந்த இடைவெளியில் என்ன செய்தீர்கள் என்று கேட்பார்கள், ஆகவே உத்தரவு வந்த மறுநாளே அதற்கான கோப்பைத் தொடங்குங்கள்.

இந்த மாதங்களில் தூக்கம் போய்விடும். வீட்டில் சொல்லாமல், ஊரில் அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று, கடிதத்தைக் கார் டிக்கியில் ஒளித்து வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். என்எம்சியே வைத்திருக்கும் கேர்லைன் என்ற இலவச உதவித் தொலைபேசி இருக்கிறது, அதில் பேசுவது உங்கள் வழக்கை நடத்துபவர்களுக்குப் போகாது. ஜிபியை (உங்கள் குடும்ப டாக்டரை) பாருங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள்.

உத்தரவு தவறு என்று நினைத்தால் மேல்முறையீடு செய்யலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் உயர் நீதிமன்றம், ஸ்காட்லாந்தில் செஷன் நீதிமன்றம், வட அயர்லாந்தில் அங்குள்ள உயர் நீதிமன்றம். 28 நாள் கெடு, முடிவுக் கடிதம் அனுப்பப்பட்டதிலிருந்து எண்ணுவார்கள். மிக அபூர்வமான சூழ்நிலையில் தவிர நீதிமன்றம் ஒரு நாள்கூட நீட்டித்துத் தராது. அதனால் மேல்முறையீடு செய்வதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யாவிட்டாலும், கடிதம் வந்த அன்றே வக்கீலைக் கூப்பிட்டுக் கடைசித் தேதி எது என்று கேட்டுக் காலண்டரில் வட்டம் போட்டுவிடுங்கள்.